கிளஸ்டர் பச்சை காட்டுகிறது, ஃபைல் திறக்கவில்லை

ஃபெயில்ஓவர் (ஒரு சர்வர் நின்றால் அதன் வேலையை இன்னொன்று ஏற்பது) ஒழுங்காக நடந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர்க் குழு) திரையைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். எல்லா ரிசோர்ஸுக்கும் எதிரே ‘ஆன்லைன்’ என்று இருந்தால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஃபைல் சர்வர் கிளஸ்டர்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வரும் எனக்கு அந்தத் திரை மட்டும் போதாது. டிஸ்க், ஐபி முகவரி, சர்வீஸ் மூன்றும் அடுத்த நோடுக்கு, அதாவது கிளஸ்டரின் இன்னொரு சர்வருக்குப் போய்விட்டன என்பதுதான் அதற்குத் தெரியும். பயனர் திறந்து வைத்திருந்த ஃபைல் என்ன ஆனது, அதன் மேல் இருந்த லாக் (மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) பிழைத்ததா, அவருடைய அனுமதி புதிய நோடில் செல்லுமா, அவர் கணினி இன்னும் பழைய நோடின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பயனருக்கோ இவைதான் முக்கியம். இவற்றில் எது எங்கே அறுந்துபோகும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள்.

நான் பொறுப்பேற்ற ஓர் இடத்தில் இரண்டு நோடு கொண்ட விண்டோஸ் ஃபைல் சர்வர் கிளஸ்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பராமரிப்பு இரவில் ஃபைல் சர்வர் ரோலை இரண்டாவது நோடுக்கு நகர்த்தினோம். சில நொடிகளில் முடிந்தது. ஷேரை, அதாவது நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். ஃபைல்கள் திறந்தன, எழுதவும் முடிந்தது. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன்: “சார், எங்க ஃபோல்டர் யாருக்குமே திறக்கலை. ஆக்சஸ் டினைடுன்னு வருது.” மற்ற பிரிவுகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், குரூப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் வரிசை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறிப் படம். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எப்போதோ யாரோ முதல் நோடில் ஒரு லோக்கல் குரூப் உருவாக்கி, கணக்குப் பிரிவினரை அதில் சேர்த்து, ஃபோல்டருக்கு அந்தக் குரூப்பின் பேரில் அனுமதி கொடுத்திருக்கிறார். லோக்கல் குரூப் அந்த நோடுக்குள்ளேயே பிறந்து அங்கேயே வாழ்வது. டிஸ்க் நகரும்போது ஃபோல்டர் மேல் எழுதப்பட்ட எஸ்ஐடி எண்ணும் (விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் குரூப்புக்கும் தரும் அடையாள எண்) கூடவே வரும். ஆனால் அந்த எண் யாருடையது என்று சொல்லும் பதிவு பழைய நோடிலேயே தங்கிவிடும். இரண்டாவது நோடில் அதே பெயரில் இன்னொரு குரூப் உருவாக்கினாலும் பயனில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் எஸ்ஐடி வேறு.

சரி, இரவில் சோதித்தபோது ஏன் தெரியவில்லை? அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற உள்ளமைந்த குரூப்பின் எஸ்ஐடி எல்லா விண்டோஸ் கணினியிலும் ஒன்றேதான்: எஸ்-1-5-32-544. அட்மின் கணக்கில் உட்கார்ந்து எந்த நோடில் சோதித்தாலும் எல்லாம் திறக்கும். இதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஃபெயில்ஓவர் சோதனையில் அட்மின் கணக்கின் சாட்சியம் செல்லாது. ஒவ்வொரு பிரிவிலும் சாதாரணப் பயனர் ஒருவருடைய அதே உரிமைகளோடு ஒரு சோதனைக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஃபைல் திறந்தால்தான் திறந்தது என்று அர்த்தம்.

சரிசெய்யும் வழி எளிமையானது. கிளஸ்டர் டிஸ்கில் இருக்கும் எதற்கும் நோடின் லோக்கல் குரூப்பின் பேரில் அனுமதி கொடுக்கக் கூடாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் டொமைன் குரூப் உருவாக்கி அதற்கே கொடுக்க வேண்டும். பழைய டிஸ்கில் எங்கெங்கே இப்படி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஐகேக்ல்ஸ் கட்டளையால் மொத்த அனுமதிகளையும் ஒரு ஃபைலில் சேமித்துக்கொண்டு, டொமைனின் எஸ்ஐடியோடு தொடங்காத எஸ்-1-5-21 எண்கள் எல்லாவற்றையும் தேடினால் போதும். எங்கள் டிஸ்கில் கணக்குப் பிரிவின் ஃபோல்டர் தவிர வேறு சில இடங்களிலும் அவை இருந்தன. யாரும் அதுவரை தொடாத ஃபோல்டர்கள் என்பதால் புகார் வரவில்லை.

லினக்ஸிலும் இதே வியாதி உண்டு, வேறு முகத்தோடு. அங்கே டிஸ்கில் எழுதப்படுவது யுஐடி, ஜிஐடி எண்கள், அதாவது பயனருக்கும் குரூப்புக்கும் உரிய எண்கள். முதல் நோடில் 1004 என்பது பில்லிங் மென்பொருளின் கணக்கு, இரண்டாவது நோடில் 1004 வேறு ஏதோ மென்பொருள் நிறுவும்போது தானாக உருவான கணக்கு என்றால், ஃபெயில்ஓவர் ஆன நிமிடத்தில் அத்தனை ஃபைல்களும் சொந்தக்காரர் மாறிவிடும். இதில் ஆபத்து இரண்டு பக்கம்: திறக்க வேண்டியவருக்குத் திறக்காது, திறக்கக் கூடாதவருக்குத் திறக்கும். இரண்டாவதைப் பற்றி யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். கணக்குகள் எல்லாம் எல்டேப் போன்ற பொது டைரக்டரியிலிருந்து வர வேண்டும். லோக்கல் கணக்கு தவிர்க்க முடியாதது என்றால் எண்ணை நாமே நிர்ணயித்து எல்லா நோடிலும் ஒன்றாக வைக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்று. லினக்ஸில் ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் முறையான என்எஃப்எஸ்ஸின் சாதாரண அங்கீகார முறையில் ஒரு பயனருடைய கூடுதல் குரூப்களில் 16 மட்டுமே கிளையன்டிலிருந்து (பயனர் பக்கத்துக் கணினியிலிருந்து) சர்வருக்குப் போகும். அதைத் தாண்ட, குரூப் பட்டியலை சர்வரே தேடிக்கொள்ளும்படி மவுன்ட்டீ (mountd) என்ற சர்வர் நிரலில் ஒரு தெரிவு இருக்கிறது. அது ஒரு நோடில் போடப்பட்டு இன்னொன்றில் விடுபட்டிருந்தால், நிறைய குரூப்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஃபெயில்ஓவருக்குப் பின் சில ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் திறக்கும். இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் இரண்டு நோடின் அமைப்பு ஃபைல்களையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்தது முகவரி. கிளஸ்டரின் மெய்நிகர் ஐபி (நோடு விட்டு நோடு நகரும் பொது முகவரி) புதிய நோடுக்கு வந்ததும், ‘இந்த ஐபி இனி இந்த நெட்வொர்க் கார்டில்’ என்று அந்த நோடு தானாகவே ஓர் ஏஆர்பி அறிவிப்பை நெட்வொர்க்கில் பரப்பும். அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் அதே பகுதியில்) இருப்பவர்கள் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். மற்ற சப்நெட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ரவுட்டரை நம்பித்தான் இருக்கிறார்கள். ரவுட்டரோ நடுவில் உள்ள ஃபயர்வாலோ பாதுகாப்புக் காரணத்துக்காக அந்த அறிவிப்பை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் அதன் ஏஆர்பி பட்டியலில் பழைய நோடின் முகவரியே இருக்கும். சில ரவுட்டர்களில் இந்தப் பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். சர்வர் அறையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. வெளியே யாருக்கும் ஷேர் கிடைக்காது. அதனால் சோதனைக் கிளையன்ட்களில் ஒன்றாவது வேறு சப்நெட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு நோடும் வேறு வேறு சப்நெட்டில் இருந்தால் ஐபியே மாறிவிடும். அப்போது பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் கையில்தான் குடுமி. விண்டோஸ் கிளஸ்டரின் நெட்வொர்க் பெயருக்கு டிஎன்எஸ் பதிவின் ஆயுள் இயல்பாக 1200 நொடி, அதாவது 20 நிமிடம். ஃபெயில்ஓவர் அரை நிமிடத்தில் முடிந்தாலும், பெயரைச் சற்று முன் கேட்டு வைத்திருந்த கிளையன்ட் 20 நிமிடம் வரை பழைய ஐபியிலேயே முட்டிக்கொண்டிருக்கலாம். பல இடங்களில் இதை 300 நொடியாகக் குறைத்து வைக்கிறார்கள். எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றில் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் மல்டி-சப்நெட் ஃபெயில்ஓவர் தெரிவை இயக்கினால் கிளையன்ட் எல்லா ஐபிகளையும் ஒரே சமயத்தில் முயன்று பார்க்கும்.

ஸ்கிரிப்டில், மென்பொருள் அமைப்பில், மவுன்ட் பட்டியலில் நோடின் சொந்தப் பெயரையோ ஐபியையோ யாராவது எழுதி வைத்திருந்தால் அதற்கு எந்த கிளஸ்டரும் உதவாது. நான் நேரடியாக நோடின் ஐபிக்கு வரும் கனெக்‌ஷன்களை வாரக்கணக்கில் பதிவு செய்து, யார் யார் என்று தேடிப் பிடித்து மாற்றியிருக்கிறேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

முகவரி சரியானாலும் பழைய டிசிபி கனெக்‌ஷன் என்னாகும்? நோடு ஒழுங்காக அணைந்தால் கனெக்‌ஷனை மூடிவிட்டுப் போகும். மின்சாரம் போய்த் திடீரென விழுந்தால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. கிளையன்ட் அனுப்பிய கேள்விக்குப் பதில் வருவதற்குள் நோடு விழுந்துவிட்டது என்று வையுங்கள். கிளையன்ட்டிடம் அனுப்ப மேலும் ஒன்றும் இல்லை, பதிலுக்குக் காத்திருக்கிறது. அது எதையாவது அனுப்பினால்தான் புதிய நோடு ‘இந்தக் கனெக்‌ஷன் எனக்குத் தெரியாது’ என்று ரீசெட் அனுப்பும். லினக்ஸில் கீப்அலைவ் சோதனை (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது) இயல்பாக 7200 நொடிக்குப் பிறகுதான் தொடங்கும், அதுவும் மென்பொருள் அதைக் கேட்டிருந்தால் மட்டுமே. ஆக இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ அந்த மென்பொருள் செத்த கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அனுப்ப ஏதாவது பாக்கி இருந்து, எதிர்முனையிலிருந்து பதிலே வராமல் போனாலும், கைவிடுவதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். டேட்டாபேஸ் கிளையன்ட்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்: சர்வர் எப்போதோ எழுந்துவிட்டது, மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால்தான் விடிவு. கீப்அலைவ் நேரத்தைச் சில பத்து நொடிகளாகக் குறைப்பதும், மென்பொருளின் கனெக்‌ஷன் பூலில் சரிபார்ப்பை இயக்குவதும் கிளையன்ட் பக்கத்து வேலைகள். கிளஸ்டர் அமைப்பவர் இதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

லினக்ஸ் கிளஸ்டர் மென்பொருளான பேஸ்மேக்கரில் இதற்குச் சர்வர் பக்கத்திலிருந்தே ஓர் அழகான வழி உண்டு. போர்ட்பிளாக் என்ற ரிசோர்ஸ் ஏஜென்ட், திறந்திருக்கும் கனெக்‌ஷன்களின் பட்டியலைப் பகிர்ந்த டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். ஃபெயில்ஓவர் ஆனதும் புதிய நோடு அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பிச் சீண்டும். கிளையன்ட் பதில் சொல்லும், ரீசெட் வாங்கிக்கொள்ளும், உடனே புதிதாக இணைந்துகொள்ளும். இதைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் கிளையன்ட்டில் ஏற்படும் தடங்கலை ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என்எஃப்எஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் போர்ட்டை அடைக்க வேண்டும், பின்பு ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய (பயன்பாட்டுக்கு இணைக்க) வேண்டும், பின்பு என்எஃப்எஸ் சர்வீஸ், பின்பு எக்ஸ்போர்ட் (ஃபோல்டரைக் கிளையன்ட்களுக்குப் பகிர்வது), அதன் பிறகு ஐபி, கடைசியாகப் போர்ட்டைத் திறப்பது. ஐபி முந்திக்கொண்டு வந்து எக்ஸ்போர்ட் இன்னும் தயாராகவில்லை என்றால், அந்த இடைவெளியில் கேட்கும் கிளையன்ட்டுக்கு ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழை, அதாவது ‘உன் கையில் உள்ள ஃபைல் அடையாளம் செல்லாது’ என்ற பதில் கிடைக்கும். சர்வரே பதில் சொல்லாமல் இருந்தால் கிளையன்ட் பொறுமையாகக் காத்திருக்கும். தவறான பதில் கிடைத்தால் அதை உண்மை என்று நம்பி வேலையை நிறுத்திவிடும். அதனால் முழுதும் தயாராகும் வரை வாயைத் திறக்காத சர்வர்தான் நல்ல சர்வர்.

ஸ்டேல் ஹேண்டிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளையன்ட் கையில் வைத்திருக்கும் ஹேண்டிலுக்குள் ஃபைல் சிஸ்டத்தின் அடையாளமும் ஐநோடு எண்ணும் (அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் ஃபைலின் எண்) இருக்கின்றன. அந்த அடையாளம் இரண்டு நோடிலும் ஒன்றாக இருக்க, எக்ஸ்போர்ட் வரியில் எஃப்எஸ்ஐடியை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. பகிர்ந்த டிஸ்கிலும் டிஆர்பிடி போல பிளாக் அளவில் நகலெடுப்பதிலும் ஐநோடு எண்கள் மாறாது. ஆர்சிங்க் கொண்டு ஃபைல் ஃபைலாக நகலெடுத்த டிஸ்கை வைத்து ஃபெயில்ஓவர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்: உள்ளடக்கம் ஒன்றுதான், ஆனால் ஐநோடு எண்கள் வேறு, திறந்திருந்த ஹேண்டில் அத்தனையும் செல்லாது.

லாக்குகளுக்கு வருவோம். என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்பில் சர்வர் எழுந்ததும் ஒரு சலுகைக் காலம் தொடங்கும். லினக்ஸில் இயல்பாக 90 நொடி. அதற்குள் பழைய கிளையன்ட்கள் தங்கள் லாக்குகளை மீட்டுக்கொள்ளலாம். புதிதாக ஃபைல் திறக்க வருபவர்கள் காத்திருக்க வேண்டும். ‘ஃபெயில்ஓவர் ஆகி ஒரு நிமிடத்துக்கு மேல் எல்லாம் உறைந்து நிற்கிறது’ என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இந்தக் காலத்தைக் குறைக்கலாம். ஆனால் ரொம்பவும் குறைத்தால் மெதுவான கிளையன்ட் மீட்பதற்குள் கதவு சாத்திவிடும், லாக் போய்விடும். இதைவிட முக்கியம், எந்தெந்தக் கிளையன்ட்கள் இருந்தார்கள் என்ற பதிவு. அது சர்வரின் வேர்லிப் என்எஃப்எஸ் (/var/lib/nfs) டைரக்டரியில் இருக்கிறது. அந்த டைரக்டரி பகிர்ந்த டிஸ்கில் இல்லாவிட்டால் புதிய நோடுக்கு யாரையும் தெரியாது, மீட்கக் கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். டேட்டா நகர்ந்தால் போதாது, யார் எதைப் பிடித்திருந்தார்கள் என்ற கணக்கும் கூடவே நகர வேண்டும்.

கிளையன்ட் பக்கத்தில் மவுன்ட் ‘ஹார்ட்’ ஆகத்தான், அதாவது சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருப்பதாகத்தான் இருக்க வேண்டும். மென்பொருள் தொங்குகிறது என்று எரிச்சல்பட்டு ‘சாஃப்ட்’ ஆக மாற்றச் சொல்பவர்கள் உண்டு. சாஃப்ட் மவுன்டில் நேரம் கடந்தால் எழுதும் முயற்சி பிழையோடு திரும்பும்; பிழையைக் கவனிக்காத மென்பொருள் பாதி எழுதிய ஃபைலை முழு ஃபைல் என்று நினைத்துத் தொடரும். தொங்கியது பிறகு எழுந்துவிடும், கெட்டுப்போன ஃபைல் எழாது.

விண்டோஸ் பக்கத்தில் 2012 சர்வரிலிருந்து நிலைமை நன்றாக இருக்கிறது. அதில் வந்த எஸ்எம்பி 3.0-இல் (விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறை) ‘தொடர்ந்து கிடைக்கும்’ ஷேர் என்ற வசதி உண்டு. திறந்த ஃபைலின் நிலையும் லாக்கும் டிஸ்கிலேயே பதியப்படுவதால் புதிய நோடு விட்ட இடத்திலிருந்து தொடரும். விட்னஸ் சர்வீஸ் என்ற ஒன்று, டிசிபி நேரம் கடக்கும் வரை காத்திருக்க விடாமல், நோடு விழுந்ததைக் கிளையன்ட்டுக்கு உடனே சொல்லிவிடும். கிளையன்ட் விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: எழுதுவதெல்லாம் இடைத்தேக்கம் இல்லாமல் நேராக டிஸ்குக்குப் போகும். ஹைப்பர்-வி, எஸ்க்யூஎல் போன்ற, சில பெரிய ஃபைல்களை நீண்ட நேரம் திறந்து வைக்கும் வேலைக்கு இது அருமை. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் திறந்து மூடும் அலுவலக ஷேருக்கு வேகம் குறையும். அங்கே அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபென்சிங், அதாவது பழுதான நோடை வலுக்கட்டாயமாக நிறுத்தி ஒதுக்குவது பற்றி இரண்டு விஷயம். பழைய நோடு உண்மையிலேயே நின்றுவிட்டது என்று உறுதியாகும் வரை புதிய நோடு டிஸ்கைத் தொடக் கூடாது. இரண்டும் ஒரே சமயத்தில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்தால் டேட்டா போனது போனதுதான். ஆனால் நோடை அணைக்க நம்பியிருக்கும் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைத்து இயக்கும் வசதி) அதே நோடின் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் அடியோடு போனால் ஐபிஎம்ஐயும் பதில் சொல்லாது, ஃபென்சிங் தோற்கும், கிளஸ்டர் பத்திரமாகக் காத்துக்கொண்டே இருக்கும், பயனரும்தான். இரண்டாவது நிலையாக பிடியூ (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பலகை) வழியாக மின்சாரத்தைத் துண்டிப்பதையோ, டிஸ்கே பழைய நோடை மறுக்கும் ஸ்கஸி ரிசர்வேஷனையோ சேர்த்து வைக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், திட்டமிட்ட நகர்த்தலில் அன்மவுன்ட் ஆகாமல் போவது. பேக்கப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அல்லது யாரோ அந்த டைரக்டரிக்குள் ஷெல்லைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். பேஸ்மேக்கர் இதை நிறுத்தத் தோற்றதாகக் கணக்கிட்டு, ஃபென்சிங் இயக்கத்தில் இருந்தால், அந்த நோடையே அணைத்துவிடும். அமைதியாக முடிய வேண்டிய நகர்த்தல் முழு விபத்தாக மாறும். நகர்த்துவதற்கு முன் எஃப்யூசர் போட்டு யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? நான் செய்வது மிகச் சாதாரணமானது. வேறு சப்நெட்டில் உள்ள ஒரு கிளையன்ட்டில், சாதாரணப் பயனர் கணக்கில், ஷேரில் உள்ள ஒரு ஃபைலில் நொடிக்கு ஒரு முறை நேரத்தை எழுதும் சின்ன ஸ்கிரிப்டை ஓட விடுவேன். இன்னொன்று ஒரு ஃபைலை லாக் செய்து பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது ஒவ்வொரு நொடியும் புதிய ஃபைல் உருவாக்கும். அப்புறம் நோடை மென்மையாக நகர்த்திப் பார்ப்பேன். பிறகு மின் இணைப்பையே பிடுங்கிப் பார்ப்பேன். முடிந்ததும் அந்த ஃபைலைத் திறந்தால் 02:14:07-க்கு அடுத்த வரி 02:14:49 என்று இருக்கும். அந்த 42 நொடிதான் என் ஃபெயில்ஓவர் நேரம். கிளஸ்டர் திரை என்ன சொன்னாலும் சரி. முதல் ஸ்கிரிப்ட் சீக்கிரம் தொடர்ந்து மூன்றாவது மட்டும் தாமதமானால் சலுகைக் காலம். மூன்றும் நின்று, சர்வர் அறையில் மட்டும் வேலை செய்தால் ஏஆர்பி. எழுத்து சரியாக இருந்து ஒரு பயனருக்கு மட்டும் மறுக்கப்பட்டால் குரூப். எங்கே இடைவெளி என்று பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கெர்பரோஸ் (டிக்கெட் கொண்டு அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) இருந்தால் அதே சோதனையை அதிலும் செய்யுங்கள். மெய்நிகர் பெயருக்கான சாவி இரண்டு நோடின் கீடேபிலும் (சாவிகளை வைக்கும் ஃபைலிலும்) இருக்க வேண்டும், இரண்டு நோடின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் பிசகக் கூடாது.

திரும்பி வருவதையும் சோதிக்க வேண்டும். பேஸ்மேக்கரில் ரிசோர்ஸ் ஸ்டிக்கினஸ் (ஓடும் நோடிலேயே ஒட்டிக்கொள்ளும் அளவு) இயல்பாக 0. முதல் நோடுக்கு முன்னுரிமை கொடுத்து வைத்திருந்தால், விழுந்த நோடு சரியாகி எழுந்ததும் எல்லாம் தானாக அங்கே திரும்பும். இரவில் ஒரு தடங்கல், பகலில் எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் காரணமே இல்லாமல் இன்னொன்று. நான் ஸ்டிக்கினஸை உயர்த்தி வைத்துவிட்டு, திரும்புவதை ஒரு பராமரிப்பு நேரத்தில் கையால்தான் செய்கிறேன், அந்த மூன்று ஸ்கிரிப்டுகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது.